தனித்து நிற்கும் பணியாளரின் பாதுகாப்பு: இடர்களை மதிப்பிடும் முறை

வடசென்னையில் மணலியிலோ மாதவரத்திலோ உள்ள கன்டெய்னர் யார்டில் இரவு ஷிப்ட் பார்க்கும் காவலாளி, காசிமேட்டு ஐஸ் கம்பெனியில் கம்ப்ரஸர் அறையைக் கவனிக்கும் ஆபரேட்டர், கழிவுநீர் உந்து நிலையத்தில் ஒற்றை ஆளாக மோட்டாரை இயக்குபவர், எடை மேடையின் சிறிய அறையில் அமர்ந்து லாரிகளுக்குச் சீட்டு எழுதுபவர், தண்டையார்பேட்டைச் சந்துகளில் வீடுவீடாகச் சென்று தவணைப் பணம் வசூலிக்கும் பெண் ஊழியர் ஆகியோரின் வேலைகள் வெவ்வேறானவை. ஆனால் அவர்களுள் ஒருவருக்கு ஏதேனும் நேர்ந்தால் அதைக் கண்ணால் காணவோ குரலைக் கேட்கவோ உடன்பணியாளர் எவரும் அருகில் இல்லை என்பது எல்லாருக்கும் பொதுவான நிலை. இத்தகையோரை வேலைக்கு வைத்திருக்கும் சிறு, நடுத்தர நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் மேலாளர்களுக்கும் சூப்பர்வைசர்களுக்கும் உரியது இந்த வழிகாட்டி. பெரிய ஆலைகளில் பாதுகாப்பு அலுவலரும் தீயணைப்புக் குழுவும் இருக்கும். அந்த ஆலைகளையும் துறைமுகங்களையும் நம்பி இயங்கும் யார்டுகளிலும் கிடங்குகளிலும் பட்டறைகளிலும், பெரும்பாலும் ஒரு மேலாளரும் அவருடைய கைப்பேசியும்தான் பாதுகாப்பு ஏற்பாடாக இருக்கின்றன.

இடர் மதிப்பீடு என்றவுடன் விபத்து நடக்க எவ்வளவு வாய்ப்பு உண்டு, நடந்தால் பாதிப்பு எவ்வளவு என்ற இரண்டு கேள்விகளைத்தான் பெரும்பாலோர் கேட்கிறார்கள். தனியாகப் பணிபுரிபவரைப் பொறுத்தவரை மூன்றாவது கேள்வி ஒன்று உண்டு. என் கருத்தில் முதலில் கேட்க வேண்டியது அதுவே. அவர் விழுந்து கிடப்பது இன்னொருவருக்கு எத்தனை நிமிடத்தில் தெரியவரும்? நான்கு பேர் சேர்ந்து வேலை செய்யும் இடத்தில் ஏணி சறுக்கி ஒருவர் கால் முறிந்தால், அது சில வார விடுப்போடு முடியும். அதே ஏணி, அதே சறுக்கல், கன்டெய்னர் அடுக்குகளின் பின்புறம் இரவு இரண்டு மணிக்கு நேர்ந்தால், காலை ஆறு மணிக்கு ஷிப்ட் மாறும்வரை அவர் இரத்தம் வடிய அங்கேயே கிடக்கக்கூடும். விபத்து ஒன்றுதான், விளைவை வேறாக்குவது அந்த நான்கு மணி நேரம். ஆகவே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் அந்த நேரத்தை அளப்பதற்கும் குறைப்பதற்கும் உரியது.

யார், எங்கே, எந்த நேரத்தில்

வருகைப் பதிவேட்டைப் பார்த்து இந்தக் கணக்கை எடுக்க முடியாது. பதிவேட்டில் ஒரு ஷிப்டுக்கு ஆறு பேர் என்று இருக்கும். அந்த ஆறு பேரும் ஒருவரையொருவர் காண முடியாத ஆறு மூலைகளில் நிற்பார்கள். எனவே வளாகத்தின் வரைபடத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, பகலில் ஒருமுறையும் நள்ளிரவுக்குப் பின் ஒருமுறையும் முழுவதுமாக நடந்து பாருங்கள். ஒவ்வொரு பணியிடத்திலும் நின்று, இங்கிருந்து உரக்கக் கூப்பிட்டால் யாருக்காவது கேட்குமா என்று சோதியுங்கள். ஜெனரேட்டரோ கம்ப்ரஸரோ ஓடும்போது இந்தச் சோதனையைச் செய்வது முக்கியம், ஏனெனில் அந்த இரைச்சலில் பத்தடி தூரத்தில் நிற்பவர்கூடத் தனி ஆள்தான்.

இடத்தோடு நேரத்தையும் எழுதுங்கள். நாள் முழுவதும் கூட்டத்தோடு வேலை செய்பவரும், மதிய உணவு இடைவேளையிலோ, கடையடைத்த பின் கணக்கு முடிக்கும் அரை மணி நேரத்திலோ, விடுமுறை நாளில் மோட்டாரைப் பார்த்துவர அனுப்பப்படும்போதோ தனியாகிறார். குளிர்பதனக் கிடங்கின் உள்ளே பெட்டி எடுக்கச் செல்பவர், கதவு சாத்தியவுடன் தனியாகிறார். உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி வேலை செய்கிறதா என்பதைப் பார்க்க வேண்டியது அங்கேதான். ஒப்பந்ததாரர் அனுப்பும் காவலாளி, துப்புரவுப் பணியாளர், வயர்மேன் ஆகியோரையும் பட்டியலில் சேர்க்க வேண்டும். கான்ட்ராக்டரின் ஆள் என்று விட்டுவிடுவது மனிதாபிமானத்துக்கு மட்டுமன்றிச் சட்டத்துக்கும் பொருந்தாது. ஒப்பந்ததாரரின் பணியாளர் காயமுற்றாலும், வேலையை ஒப்பந்தத்தில் விட்ட முதன்மை முதலாளி இழப்பீட்டுக்குப் பொறுப்பாவார் என்ற கொள்கையை 1923-ஆம் ஆண்டின் இழப்பீட்டுச் சட்டமே தன் 12-ஆம் பிரிவில் நிறுவிவிட்டது.

பட்டியலை எழுதும்போது அந்த இடத்தில் நிற்பவரிடமே பேசுங்கள். “அண்ணே, ராத்திரி ரெண்டு மணிக்கு இங்க ஏதாவது ஆச்சுன்னா முதல்ல யாருக்குப் போன் பண்ணுவீங்க?” என்று கேட்டால், பலர் நிறுவனத்தில் எவர் பெயரையும் சொல்ல மாட்டார்கள், மனைவியின் பெயரையோ மச்சானின் பெயரையோ சொல்வார்கள். அந்தப் பதிலை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். நிறுவனத்தின் ஏற்பாட்டில் அவருக்கு எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்பதற்கு அதைவிட நேரான அளவுகோல் இல்லை.

தனியாகச் செய்யவே கூடாத வேலைகள்

பட்டியல் தயாரானதும், எந்த வேலைகளுக்கு எந்த முன்னேற்பாடும் போதாது என்பதை முதலில் பிரித்தெடுக்க வேண்டும். கைப்பேசி கொடுத்தாலும், கேமரா வைத்தாலும், பயிற்சி அளித்தாலும், சில வேலைகளைத் தனி ஆளிடம் ஒப்படைக்கக் கூடாது.

முதலாவது, மூடிய இடங்களுக்குள் இறங்குவது. தொட்டி, டேங்கர், கிணறு, கழிவுநீர்க் குழி, ஆழமான சம்ப் ஆகிய அனைத்தும் இதில் அடங்கும். சாதாரணக் காற்றில் ஏறத்தாழ 21 விழுக்காடு ஆக்சிஜன் உள்ளது, 19.5 விழுக்காட்டுக்குக் கீழே போனால் அந்த இடம் பாதுகாப்பற்றது. துருப்பிடிக்கும் இரும்புத் தொட்டியும், அழுகும் பொருள் கிடக்கும் குழியும் வேறெந்த நச்சும் இல்லாமலே ஆக்சிஜனை உண்டு தீர்த்துவிடும். கழிவுநீரில் எழும் ஹைட்ரஜன் சல்பைடு காற்றைவிடக் கனமானது என்பதால் குழியின் அடியில் தேங்கும். குறைந்த அளவில் அழுகிய முட்டையின் நாற்றம் வீசும், ஆனால் பத்து லட்சத்தில் நூறு பங்கு என்ற அளவை நெருங்கும்போது மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் நின்றுவிட்டது என்று நம்பி இறங்குபவர், மிக ஆபத்தான நேரத்தில் இறங்குகிறார். கழிவுநீர்த் தொட்டிகளில் ஒருவர் விழுந்தவுடன் காப்பாற்றப் போன இரண்டாமவரும் மூன்றாமவரும் இறப்பதற்குக் காரணம் இதுவே.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், தன் 36-ஆம் பிரிவில், இத்தகைய இடத்தில் ஆள் நுழைவதற்கு முன் வாயுவை அகற்ற வேண்டும் என்று கூறியது. தகுதி பெற்றவர் சோதித்து எழுத்துமூலம் சான்றளித்திருக்க வேண்டும். இல்லையெனில் நுழைபவர் சுவாசக் கருவி அணிந்து, இடுப்புப் பட்டையில் கட்டிய கயிற்றின் மறுமுனையை வெளியே ஒருவர் பிடித்திருக்க வேண்டும் என்றும் விதித்தது. கயிற்றைப் பிடிக்க ஒருவர் தேவை என்ற அந்த ஒரு வரியே, இதைத் தனியாகச் செய்ய முடியாது என்பதற்குப் போதும். சாக்கடைக்குழிக்குள்ளும் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் உரிய பாதுகாப்பின்றி மனிதரை இறக்குவதோ, மனிதரைக் கொண்டு மலம் அள்ளுவதைத் தடைசெய்யும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தண்டனைக்குரிய குற்றம். 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சாக்கடைச் சாவுகளுக்கான இழப்பீட்டை 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. உங்கள் வளாகத்தின் கழிவுநீர்த் தொட்டி அடைத்துக்கொண்டால் ஆளை இறக்காதீர்கள், இயந்திர வண்டியை அழையுங்கள். இதில் விதிவிலக்குக் கேட்பவரிடம் வாதாட வேண்டியதில்லை, மறுத்துவிட வேண்டும்.

கன்டெய்னர் யார்டுகளுக்கே உரிய இன்னொரு மூடிய இடம் கன்டெய்னர்தான். பூச்சி மருந்தடித்து மூடப்பட்ட பெட்டியில் மீத்தைல் புரோமைடோ பாஸ்பீனோ போன்ற நச்சு வாயு எஞ்சியிருக்கக்கூடும். மீத்தைல் புரோமைடுக்கு நம்பத்தக்க வாசனை எதுவும் இல்லை. சரக்கை எண்ணுவதற்காகக் கதவைத் திறந்து உடனே உள்ளே தலையை நீட்டும் சர்வேயர், இதனாலேயே தனியாக அனுப்பப்படக் கூடாது. மருந்தடித்ததற்கான எச்சரிக்கை அட்டை கிழிந்து போயிருக்கலாம். அட்டை இல்லை என்பதற்காகப் பெட்டியைப் பாதுகாப்பானதாகக் கொள்ளாமல், சரக்கின் ஆவணங்களைப் பார்த்து, இரு கதவுகளையும் திறந்து காற்றாட விட்டு, வாயு அளவியால் சோதித்த பின்பே ஒருவர் வெளியே நிற்க மற்றவர் உள்ளே செல்ல வேண்டும்.

மின்னோட்டம் நிறுத்தப்படாத பலகையில் வேலை செய்வது, உயரத்தில் கூரைத் தகடு மாற்றுவது, எரிபொருள் இருந்த கலனில் வெல்டிங் செய்வது ஆகியவற்றையும் இதே வரிசையில் வையுங்கள். ஐஸ் கம்பெனியில் குளிரூட்டும் நச்சு வாயுவான அம்மோனியா ஓடும் குழாயின் வால்வைக் கழற்றுவதும் அப்படியே. கம்ப்ரஸரை ஓடவிட்டுப் பார்த்துக்கொள்வதை ஒருவர் செய்யலாம், குழாயைத் திறக்கும் வேலை எதையும் ஒருவர் செய்யக் கூடாது.

நேரத்தை அளப்பது

எஞ்சிய ஒவ்வொரு பணியிடத்துக்கும் இரண்டு நேரங்களைக் கணக்கிடுங்கள். ஒன்று, ஆள் விழுந்தது பிறருக்குத் தெரியவரும் நேரம். மற்றது, தெரிந்தபின் உதவி அவர் பக்கத்தில் வந்து நிற்கும் நேரம். இதயம் நின்றுபோன மனிதரின் மூளை நான்கிலிருந்து ஆறு நிமிடங்களுக்குள் சேதமடையத் தொடங்கிவிடும் என்பதையும், பெரிய இரத்தக் குழாய் அறுந்தால் சில நிமிடங்களே உண்டு என்பதையும் மனத்தில் வைத்துக்கொண்டு, அந்த இரண்டு நேரங்களின் கூட்டுத்தொகையைப் பாருங்கள்.

காகிதத்தில் கணக்கிட்டால் இந்த எண் எப்போதும் சிறியதாகவே வரும், எனவே நேரில் ஒத்திகை நடத்துங்கள். அந்தப் பணியாளரிடம் முன்கூட்டியே சொல்லி, ஓர் இரவு அவர் வழக்கமான அழைப்பை எடுக்காமல் இருக்கச் சொல்லுங்கள். சூப்பர்வைசர் எப்போது கவனிக்கிறார், எத்தனை முறை அழைக்கிறார், யாரை நேரில் அனுப்புகிறார், அனுப்பப்பட்டவர் டார்ச்சோடு அந்த இடத்தை எத்தனை நிமிடத்தில் கண்டுபிடிக்கிறார் என்பதைக் கடிகாரத்தால் அளந்து எழுதுங்கள். சூப்பர்வைசர் உறங்கிவிட்டார் என்று தெரிந்தால், அவரைத் தண்டிப்பதைவிட, ஒரே மனிதரை நம்பி ஏற்பாடு செய்ததே தவறு என்று கொண்டு இரண்டாவது எண்ணைச் சேர்ப்பது பயனுள்ளது.

ஒத்திகைக்காக 108-ஐ அழைக்கக் கூடாது. மாறாக, அருகிலுள்ள மருத்துவமனையிலிருந்து உங்கள் கேட் வரை நீங்களே ஒருமுறை மாலை ஏழு மணிக்கும் ஒருமுறை அதிகாலையிலும் வண்டியில் வந்து பாருங்கள். துறைமுகச் சாலையிலும் எண்ணூர் விரைவுச் சாலையிலும் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் நேரம், கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருக்கும் நேரம், மழையில் வியாசர்பாடி கணேசபுரம் சுரங்கப்பாதை மூழ்கிக் கிடக்கும் நேரம் ஆகியவற்றில் அதே தூரம் பல மடங்காகிவிடும். பெருங்காயங்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையும், தீக்காயங்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையின் தனிப் பிரிவும் வடசென்னைக்குத் தெரிந்த இடங்கள். ஆனால் அவசர வண்டி வருவதற்குமுன் இரத்தத்தை அழுத்தி நிறுத்தவும் மார்பை அழுத்தி இதயத்தை இயக்கவும் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு ஷிப்டிலும் எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

முகவரியையும் சோதியுங்கள். பல யார்டுகளுக்கு மூன்று கேட்டுகள் இருக்கும். ஆவணங்களில் சர்வே எண் மட்டுமே இருக்கும். 108-க்குப் பேசுபவர் எந்தச் சாலை, எந்தக் கோயில் அல்லது பெட்ரோல் பங்க்குக்கு எதிரே, எந்த வண்ணக் கேட் என்று சொல்லும் வகையில் இரண்டு வரிகளைத் தமிழில் எழுதி, காவலறைச் சுவரில் கண்ணுக்கு நேரே ஒட்டுங்கள். அங்கு நிற்பவர் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவராயின், அவர் படிக்கும் எழுத்திலும் அது இருக்க வேண்டும், அவர் அதை ஒருமுறை உரக்கச் சொல்லிப் பார்த்திருக்கவும் வேண்டும்.

ஆளையும் அக்கம்பக்கத்தையும் பார்ப்பது

ஒரே இடம் எல்லாருக்கும் ஒரே அளவு ஆபத்தானது அன்று. இன்சுலின் போட்டுக்கொள்பவர், வலிப்பு நோய் உள்ளவர், இதய நோய்க்கு மருந்து உண்பவர், கருவுற்றிருப்பவர் ஆகியோருக்குத் தனி ஆளாகப் பார்க்கும் ஷிப்ட் பொருந்துமா என்று மருத்துவரின் கருத்தோடு முடிவெடுக்க வேண்டும். வேலை போய்விடும் என்ற அச்சத்தில் நோயை மறைப்பவர்கள் பலர். ஆகவே, சொன்னால் வேறு ஷிப்ட் கிடைக்கும், சம்பளம் குறையாது என்ற உறுதியை முதலில் கொடுத்துவிட்டு, தனியறையில் கேளுங்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்றபடி காவல் காக்கும் முதியவருக்கு ஒரு நாற்காலி கொடுப்பதும் இதில் சேரும். கடைகள், நிறுவனங்களின் பணியாளர்களுக்கு இருக்கை வசதி தரவேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு தன் சட்டத்தைத் திருத்தியது. அதன்பிறகும் நாற்காலி இல்லாத காவலறைகள் இருப்பது வருந்தத்தக்கது.

மனிதரால் வரும் ஆபத்தைத் தனியே எழுதுங்கள். பணத்தோடு நடப்பவர், இரும்போ டீசலோ திருடுபோகும் யார்டைக் காப்பவர், கடன் வசூலிக்கப் போகும் ஊழியர், வீட்டுக்குள் சென்று நோயாளியைக் கவனிக்கும் செவிலியர் ஆகியோர் அடி, மிரட்டல், பாலியல் தொல்லை ஆகியவற்றுக்கு ஆளாகலாம். சரக்கைவிட உயிர் பெரிது, எதிர்த்து நிற்காமல் விலகி வந்து அழைக்க வேண்டும், அதற்காக எந்தப் பிடித்தமும் இராது என்பதை எழுத்தில் கொடுங்கள். காணாமற்போன பொருளின் விலையைக் காவலாளியின் சம்பளத்தில் பிடிக்கும் வழக்கம் இருக்குமிடத்தில், அந்த வழக்கமே அவரைக் கத்திக்கு முன் தள்ளும் இடர் என்று மதிப்பீட்டில் குறிப்பிட வேண்டும். வெளியே செல்பவர் எந்தத் தெருவுக்கு எப்போது போகிறார், எப்போது திரும்புவார் என்பது அலுவலகத்தில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். 112 என்ற எண்ணையும், தமிழ்நாடு காவல்துறையின் ‘காவல் உதவி’ செயலியையும், பெண்களுக்கான 181-ஐயும் கைப்பேசியில் பதிந்து, பயன்படுத்தக் கற்றுக்கொடுங்கள்.

உங்கள் மதிலுக்கு வெளியே இருக்கும் ஆபத்தும் உங்கள் பணியாளரைத் தேடி வரும். 2023 டிசம்பர் 26 இரவு எண்ணூர் பெரியகுப்பம் அருகே கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, உறக்கத்திலிருந்த மக்கள் மூச்சுத் திணறி வீட்டைவிட்டு வெளியேற வேண்டியதாயிற்று. சிலர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். தெருவில் குடியிருப்பவரை அண்டை வீட்டார் தட்டி எழுப்புவார்கள், பூட்டிய கேட்டுக்குள் இருக்கும் தனிக் காவலாளியை யார் எழுப்புவார்? அண்டை ஆலைகளின் அவசர எண்ணைக் கேட்டுப் பெறுங்கள், அவர்கள் செய்தி சொல்லும் பட்டியலில் உங்கள் காவலறையின் எண்ணையும் சேர்க்கச் சொல்லுங்கள். காற்று வீசும் திசை தெரிய ஒரு துணிக்கொடியைக் கட்டி, கசிவு நேர்ந்தால் ஈரத்துணியால் மூக்கை மூடிக்கொண்டு காற்றின் போக்குக்குக் குறுக்காக விலகிச் செல்ல வேண்டும் என்று பழக்குங்கள். பொருளைக் காக்க நிற்க வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மழையும் அவ்வாறே. அதே டிசம்பரின் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொட்டிய மழையில் வெள்ளம் வடசென்னையின் பல பகுதிகளில் நாள்கணக்கில் வடியாமல் நின்றது; மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கலந்த நீர் எண்ணூர்க் கழிமுகம் வரை பரவியது. அத்தகைய நாளில் அடுத்த ஷிப்ட் ஆள் வர முடியாது. இருப்பவரே உணவும் மின்சாரமும் இன்றித் தொடர வேண்டியிருக்கும். எச்சரிக்கை வந்தவுடன் வளாகத்தை மூடி அவரை வீட்டுக்கு அனுப்பும் அதிகாரம் யாருக்கு என்பதை முன்கூட்டியே பெயர் சொல்லி எழுதிவையுங்கள். கத்திரி வெயிலில் தகரக் கூரையின் கீழ் தனியே இருப்பவருக்கு வெப்ப மயக்கம் வந்தால், குழம்பிப் போன மனநிலையில் அவரால் தாமாக உதவி கேட்க இயலாது என்பதால், மே மாதப் பகல்களுக்கும் இரவுக்குரிய அதே கண்காணிப்பு தேவை.

தொடர்பு ஏற்பாடு

அழைப்பது அலுவலகத்தின் கடமையாக இருக்கட்டும். பணியாளர்தான் அழைக்க வேண்டும் என்று வைத்தால், விழுந்தவர் அழைக்க மாட்டார், மறந்தவரும் அழைக்க மாட்டார், இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. இடைவெளியை நீங்கள் அளந்த நேரங்களைக் கொண்டு முடிவு செய்யுங்கள்: எடை மேடை அறையில் அமர்ந்திருப்பவருக்கு ஒரு மணி நேரம் போதுமானதாக இருக்கலாம், கம்ப்ரஸர் அறைக்கு அரை மணி நேரமும் அதிகம். அழைப்பு எடுக்கப்படாவிட்டால் இரண்டு நிமிடத்தில் மறுபடி அழைத்து, அப்போதும் பதில் இல்லையென்றால் உடனே ஆள் நேரில் செல்ல வேண்டும்; செல்பவர் தனியாகச் செல்லக் கூடாது, மூடிய இடமாயின் உள்ளே இறங்கவும் கூடாது.

கைப்பேசிச் சிக்னலை ஒவ்வோர் இடத்திலும் நின்று பாருங்கள். கன்டெய்னர் அடுக்குகளுக்கு இடையிலும் நிலத்தடி அறையிலும் அது அற்றுப்போகும். எரிவாயு, பெட்ரோலியம் கையாளும் பகுதிகளில் சாதாரணக் கைப்பேசிக்கே அனுமதியில்லை. அங்கு தீப்பொறி எழாத வகை வாக்கி டாக்கி தேவை. அசைவு நின்றால் தானே ஒலியெழுப்பும் கருவி நல்லது, ஆனால் அந்த ஒலி யாரிடம் சேர்கிறது என்பதற்கு விடையில்லாமல் அதை வாங்குவது வீண்செலவு. சிசிடிவி கேமராவைப் பற்றியும் அதையே சொல்வேன்: இரவு முழுவதும் ஒருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாலன்றி, அது விபத்தைப் பதிவு செய்யும், தடுக்காது.

இவை அனைத்தையும் ஒரு பணியிடத்துக்கு ஒரு பக்கம் என்ற அளவில் எழுதுங்கள்: இடம், நேரம், அங்குள்ள ஆபத்துகள், அளந்த இரு நேரங்கள், தனியாகச் செய்யக் கூடாதவை, அழைப்பு இடைவெளி, பொறுப்பானவர்களின் எண்கள். அங்கே நிற்பவர் அதைப் படித்து, திருத்தம் சொல்லி, பிறகு கையொப்பமிட வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பரில் அந்தப் பக்கங்களைப் புதுப்பியுங்கள். புதிய இயந்திரம் வந்தாலும், ஆட்குறைப்பு நடந்தாலும், கான்ட்ராக்டர் மாறினாலும் செப்டம்பருக்காகக் காத்திராமல் அந்த வாரமே ஒத்திகையை மீண்டும் நடத்தி, புதிய நிமிடங்களைப் பழைய நிமிடங்களுக்குப் பக்கத்தில் எழுதி, ஒரு பிரதியைக் காவலறையிலும் ஒரு பிரதியைக் கான்ட்ராக்டரிடமும் கொடுங்கள்.